மின்சாரம் இருக்கும்போதே வேலை செய்யலாமா? பெர்மிட்டும் பாதுகாப்பும்: தொழிலாளர்கள் தெரிந்திருக்க வேண்டியவை

ஜொகூர்பாரு – பாசிர் கூடாங், தெப்ராவ், செனாய், கூலாய் வட்டாரத் தொழிற்சாலைகளின் பராமரிப்புப் பிரிவுகளில் நம்மவர்கள் பலர் வேலை செய்கிறார்கள். வயர்மேன், சார்ஜ்மேன், டெக்னீஷியன், குத்தகை ஆள் எனப் பதவியின் பெயர் மாறினாலும் அவர்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்றுதான்: "மெயினை அடைத்தால் லைன் நின்றுவிடும். அப்படியே மாற்றிவிடு, ஐந்து நிமிட வேலைதானே."

அந்த ஐந்து நிமிட வேலைக்கு முன்பு என்னென்ன இருக்க வேண்டும், யார் கையெழுத்திட வேண்டும், எப்போது 'முடியாது' என்று சொல்லலாம் என்பதைத் தொழிலாளர்களும் குடும்பத்தாரும் அறிந்திருப்பது நல்லது.

லைவ் வேலை என்பது எது?

மின்சாரம் துண்டிக்கப்படாத கம்பி, சுவிட்ச்போர்டு, மோட்டார் இணைப்பு போன்றவற்றின் மீதோ அவற்றுக்கு மிக அருகிலோ செய்யும் எந்த வேலையும் லைவ் வேலைதான். கம்பியைத் தொட்டால்தான் லைவ் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். போர்டின் மூடியைக் கழற்றி மீட்டர் வைத்து அளப்பதும், பக்கத்துச் சர்க்யூட்டில் மின்சாரம் இருக்கும்போது புதிய பிரேக்கரைப் பொருத்துவதும் அதில் அடங்கும்.

அளந்து பார்க்கும் வேலையை மின்சாரம் இல்லாமல் செய்ய முடியாது. ஆனால் பிரேக்கர் மாற்றுவது, நட்டு முடுக்குவது, கேபிள் இழுப்பது போன்றவற்றில் பெரும்பாலானவற்றை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டே செய்யலாம். உற்பத்தி நின்றுவிடும் என்பது மட்டும் லைவ் வேலைக்குப் போதிய காரணம் ஆகாது. பிரிட்டனின் 1989ஆம் ஆண்டு மின்சாரப் பணி விதிமுறைகள் இதை மூன்று நிபந்தனைகளாக வகுத்துள்ளன. மின்சாரத்தைத் துண்டிப்பது நடைமுறைக்கு ஒவ்வாததாக இருக்க வேண்டும். லைவ் ஆகச் செய்வது அந்தச் சூழலில் நியாயமானதாக இருக்க வேண்டும். தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யப்பட்டிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டுமே லைவ் வேலைக்கு இடமுண்டு.

230 வோல்ட் என்ன செய்யும்?

மலேசியாவில் வீட்டுக்கு வரும் ஒற்றைப் பேஸ் மின்சாரம் 230 வோல்ட். தொழிற்சாலைகளின் மூன்று பேஸ் மின்சாரம் 400 வோல்ட். 2008க்கு முன்பு இவை 240, 415 என இருந்தன. 'வெறும் 230தானே' என்ற எண்ணம் தவறானது என்பதைச் சிறிய கணக்கு ஒன்று காட்டும். ஈரமான கையிலிருந்து காலுக்கு மின்சாரம் பாயும்போது உடலின் தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது பாயும் மின்னோட்டம் 230 மில்லிஆம்பியர். ஏறக்குறைய 10 மில்லிஆம்பியரைத் தாண்டும்போதே தசைகள் இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகலாம். 50 மில்லிஆம்பியர் ஒரு சில நொடிகள் நெஞ்சின் வழியே பாய்ந்தால் இதயத்தின் சீரான துடிப்பு குலைந்து உயிர் போகலாம். 230 மில்லிஆம்பியருக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படாது.

வியர்வை, மழைநீர், ஈரத் தரை, வெறுங்கால் ஆகியவை உடலின் தடையைக் குறைக்கின்றன. நம் நாட்டு வெப்பத்தில் நீண்ட நேரம் வேலை செய்பவரின் உடல் எப்போதும் வியர்வையில் நனைந்தே இருக்கிறது.

ஷாக் மட்டும் ஆபத்தல்ல. போர்டுக்குள் ஸ்க்ரூடிரைவர் தவறி விழுந்து இரண்டு பேஸ்களை இணைத்துவிட்டால் 'ஆர்க்' எனப்படும் மின்வில் வெடிக்கும். அதன் வெப்பம் 19,000 பாகை செல்சியஸ் வரை எட்டக்கூடும். இது சூரியனின் மேற்பரப்பைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகம். செம்பு உருகித் தெறிக்கும், வெடிச் சத்தம் காதைக் கிழிக்கும், பாலியஸ்டர் சட்டை தோலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பியைத் தொடாமல் பக்கத்தில் நின்றவருக்கும் தீக்காயம் ஏற்படுவது இதனால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மின்சாரப் பணிகளை ஆளும் அடிப்படைச் சட்டம் 1990ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டம் (சட்டம் 447). அதன் கீழ் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் வந்தன. இவற்றை அமல்படுத்துவது, 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜெயா தெனாகா. வயரிங் வேலையை ஆணையத்தில் பதிவு பெற்ற குத்தகையாளரிடம் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் மேற்பார்வைக்கான 'போராங் ஜி', சோதனைக்கான 'போராங் எச்' ஆகிய இரண்டு சான்றிதழ்கள் தரப்பட வேண்டும். கடை, தொழிற்சாலை போன்ற குடியிருப்பு அல்லாத இடங்களின் மின் அமைப்பைத் தகுதி பெற்றவரைக் கொண்டு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும்.

வேலையிடப் பாதுகாப்பைப் பொறுத்தவரை 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் (சட்டம் 514) உள்ளது. இதன் திருத்தங்கள் 2024 ஜூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தன. ஊழியரின் பாதுகாப்பைக் கவனிக்கத் தவறும் முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக உயர்ந்தது. ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில், பாதுகாப்பு அதிகாரியை நியமிக்கும் கடப்பாடு இல்லாவிட்டாலும், பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். சிறிய பட்டறைகளும் குத்தகை நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல.

யார் செய்யலாம்?

மின்சாரப் பணியில் அனுபவம் மட்டும் தகுதியாகாது. எரிசக்தி ஆணையம் வழங்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். வயரிங் வேலைக்கு வயர்மேன், அதாவது 'பெண்டாவாய்'. இவருக்கு ஒற்றைப் பேஸ், மூன்று பேஸ் எனத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. மின் அமைப்பை இயக்கிப் பொறுப்பில் வைத்திருப்பவர் சார்ஜ்மேன், அதாவது 'பெஞ்சாகா ஜெந்தெரா'. இவர்களில் 'ஏ' வரிசை தாழ்வழுத்தத்துக்கும் 'பி' வரிசை உயரழுத்தத்துக்கும் உரியவை. கேபிள் இணைப்பாளர், மேற்பார்வையாளர், பொறியாளர் ஆகியோருக்கும் தனிச் சான்றிதழ்கள் உள்ளன.

சான்றிதழில் எழுதியுள்ள மின்னழுத்தமும் வேலை வகையும்தான் ஒருவரின் எல்லை. தாழ்வழுத்தச் சார்ஜ்மேன் 11,000 வோல்ட் அறைக்குள் சுவிட்ச் இயக்கக் கூடாது. இருபது ஆண்டு வேலை பார்த்தவராக இருந்தாலும் சான்றிதழ் இல்லாத உதவியாளரைத் தனியாகப் போர்டுக்குள் கை வைக்கச் சொல்வது தவறு. சிங்கப்பூருக்குச் சென்று வேலை செய்பவர்கள் அங்குள்ள எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமத்தைத் தனியாகப் பெற வேண்டும். மலேசியச் சான்றிதழைக் காட்டி அங்கே மின்சாரப் பணி செய்ய முடியாது.

இரண்டு பெர்மிட், இரண்டு பொருள்

பெர்மிட் என்ற ஒரே சொல் இரண்டு எதிரெதிர் நிலைகளைக் குறிக்கப் பயன்படுகிறது. அதனாலேயே குழப்பமும் ஆபத்தும் வருகின்றன.

முதலாவது, வழக்கமான வேலை அனுமதிச் சீட்டு. 'பெர்மிட் டு வொர்க்' என்று சொல்லப்படுவது. இன்ன சாதனத்தில் மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிட்டது, இன்ன இடத்தில் பூட்டப்பட்டுள்ளது, சோதித்துப் பார்த்தாயிற்று, தேவையான இடத்தில் எர்த் செய்யப்பட்டுள்ளது என்று பொறுப்பாளர் கையெழுத்திட்டுத் தரும் உறுதி இது.

இரண்டாவது, லைவ் வேலைக்கான அனுமதிச் சீட்டு. இது அதற்கு நேர்மாறானது. இங்கே மின்சாரம் இருக்கிறது, அதை ஏன் துண்டிக்க முடியவில்லை, எந்த முறையில் வேலை நடக்கும், என்ன உடை, என்ன கருவி, யார் அருகில் நிற்பார் என்பதையெல்லாம் எழுதி மேல்நிலை நிர்வாகி ஒப்புதல் தரும் தாள். பன்னாட்டு நிறுவனங்கள் பலவும் பின்பற்றும் அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 70இ தரநிலை, 50 வோல்ட்டுக்கு மேற்பட்ட லைவ் பழுதுபார்ப்பு வேலைக்கு இத்தகைய எழுத்துபூர்வ அனுமதியைக் கேட்கிறது. அளவெடுப்பதற்கும் கோளாறு தேடுவதற்கும் தாள் விலக்கு உண்டு. பாதுகாப்பு உடைக்கும் கருவிக்கும் விலக்கில்லை.

கையில் கிடைத்த தாள் எந்த வகை என்று வாசித்துப் பார்க்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது. முறையான பெர்மிட்டில் இவை இருக்க வேண்டும்:

– வேலை நடக்கும் இடம், சாதனத்தின் பெயர், எண்
– துண்டிக்கப்பட்ட இடங்கள், பூட்டு எண், எர்த் செய்த இடம்
– அருகில் இன்னும் மின்சாரம் உள்ள பகுதிகள்
– தொடங்கும் நேரம், முடியும் நேரம்
– கொடுத்தவர், பெற்றவர் கையெழுத்து
– வேலை முடிந்து திருப்பி ஒப்படைத்ததற்கும் ரத்துச் செய்ததற்குமான கையெழுத்து

கடைசி வரிதான் பெரும்பாலும் விடுபடுகிறது. ஷிப்ட் மாறும்போது பழைய பெர்மிட்டை ஒப்படைக்காமல் ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டால், அடுத்த ஷிப்ட்காரர் உள்ளே ஆள் இருக்கிறார் என்று தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிடக்கூடும். வேலையின் அளவு மாறினாலும் பழைய பெர்மிட் செல்லாது. மூன்றாம் எண் மோட்டாருக்கு வாங்கிய பெர்மிட்டை வைத்து நான்காம் எண் மோட்டாரைத் திறக்கக் கூடாது.

துண்டித்துச் செய்யும் முறை: ஐந்து படிகள்

ஐரோப்பியத் தரநிலைகள் வகுத்துள்ள ஐந்து படிகளை வரிசை மாறாமல் பின்பற்றுவது எளிது.

1. எல்லாப் பக்கத்திலிருந்தும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். ஜெனரேட்டர், யூ.பி.எஸ்., கூரையில் உள்ள சோலார் தகடு ஆகியவற்றிலிருந்தும் மின்சாரம் வரலாம். வெயில் அடிக்கும்வரை சோலார் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.

2. யாரும் மீண்டும் போட முடியாதபடி பூட்ட வேண்டும். ஒருவருக்கு ஒரு பூட்டு, ஒரு சாவி. சாவி அவரவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். 'வேலை நடக்கிறது' என்ற அட்டை மட்டும் பூட்டுக்கு ஈடாகாது.

3. மின்சாரம் இல்லை என்று சோதிக்க வேண்டும். முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் சோதனைக் கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பது, பிறகு வேலை செய்யும் இடத்தில் சோதிப்பது, மறுபடியும் கருவியைச் சரிபார்ப்பது. டெஸ்ட் பென் விளக்கு எரியவில்லை என்பதை நம்பிக் கை வைக்கக் கூடாது. இரு முனையுள்ள வோல்டேஜ் டெஸ்டர் வேண்டும்.

4. உயரழுத்தத்திலும் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடிய இடத்திலும் எர்த் செய்ய வேண்டும். கெபாசிட்டரும் நீளமான கேபிளும் மெயினை அடைத்த பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

5. பக்கத்தில் லைவ் ஆக உள்ள பகுதிகளை மறைத்துத் தடுப்பு வைக்க வேண்டும்.

கம்பியின் நிறத்தையும் நம்ப முடியாது. பழைய மூன்று பேஸ் அமைப்பில் நீலம் ஒரு பேஸ். சாதனங்களின் வளையும் கம்பியில் நீலம் நியூட்ரல். பழைய வீடுகளில் கறுப்பு நியூட்ரல். புதிய ஐரோப்பிய நிற முறையில் வந்த இயந்திரத்தில் கறுப்பு ஒரு பேஸ். சோதித்த பிறகே தொட வேண்டும்.

லைவ் ஆகவே செய்ய வேண்டியிருந்தால்

ரப்பர் கையுறை என்றால் கடையில் விற்கும் பாத்திரம் கழுவும் கையுறை அல்ல. மின்காப்புக் கையுறைகளுக்கு வகுப்பு உண்டு. '00' வகுப்பு 500 வோல்ட் வரைக்கும், '0' வகுப்பு 1,000 வோல்ட் வரைக்கும் உரியவை. அதன் மேல் தோல் கையுறை அணிந்தால்தான் ரப்பர் கிழியாது. ஒவ்வொரு முறையும் காற்றை அடைத்துச் சுருட்டி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருவிகளில் 1,000 வோல்ட் இரட்டை முக்கோணக் குறி இருக்க வேண்டும். பிடியில் டேப் சுற்றிய ஸ்பேனர் மின்காப்புக் கருவி ஆகாது. ஆர்க் ஆபத்துள்ள போர்டுக்கு அதற்கென மதிப்பிடப்பட்ட முகக்கவசமும் உடையும் தேவை. மோதிரம், கழுத்துச் சங்கிலி, கைக்கடிகாரம், உலோக இடைவார் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். கையில் வெள்ளிக் காப்பு அணியும் பழக்கம் உள்ளவர்கள் இதை மறக்கக் கூடாது.

தனியாகச் செய்யக் கூடாது. மின்சாரத்தை எங்கே அடைப்பது, இதய இயக்க மீட்பு முறையான சி.பி.ஆர். எப்படிச் செய்வது என்று தெரிந்த ஒருவர் வேறு வேலை எதுவும் பார்க்காமல் அருகில் நிற்க வேண்டும்.

உயரழுத்தக் கம்பிகளில் மின்சாரத்தைத் துண்டிக்காமலே பழுதுபார்க்கும் குழுக்களைப் பார்த்திருப்போர், 'அவர்கள் செய்கிறார்களே' என்று கேட்பதுண்டு. அவர்கள் அதற்கெனத் தனிப் பயிற்சி பெற்றவர்கள். அவர்களின் கருவி, வாகனம், வேலை முறை அனைத்தும் அதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. அதைப் பார்த்து மற்றவர்கள் செய்யலாகாது.

தோட்டத்தில் உள்ள ஆபத்து

மின்சாரப் பணியில் இல்லாதவர்களும் தெரியாமலே லைவ் கம்பிக்கு அருகில் வேலை செய்கிறார்கள். குளுவாங், கூலாய், கோத்தா திங்கி, சிகாமட் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் உயரமான மரங்களின் குலையை வெட்ட, அரிவாள் பொருத்திய நீண்ட அலுமினியக் கழியைப் பயன்படுத்துகிறார்கள். அலுமினியம் எடை குறைவு. அதே வேளையில் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும். தோட்டத்தின் ஊடே செல்லும் மின்கம்பியை அந்தக் கழி தொட்டால், கீழே ஈர மண்ணில் நிற்பவரின் உடல் வழியாக மின்சாரம் பாயும். உயரழுத்தக் கம்பியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை. மிக அருகில் சென்றாலே மின்சாரம் தாவும்.

கழியைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு கம்பிக்கு அடியில் நடக்கக் கூடாது. படுக்கையாகப் பிடித்துச் செல்ல வேண்டும். மின்கம்பிக்கு அருகில் உள்ள மரங்களில் எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்று நிர்வாகம் அடையாளமிட வேண்டும். கம்பியைத் தொடும் நிலையில் உள்ள மட்டையைத் தொழிலாளியே வெட்டுவதைவிடத் தெனாகா நேஷனலுக்குத் தெரிவிப்பதே சரி. கிரேன் லாரி, மண்வாரி இயந்திரம், கூரை வேலைக்கான உலோக ஏணி ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

முன்பு தோட்ட லயங்களில் மாலை சில மணி நேரம் மட்டும் ஜெனரேட்டர் ஓடும். அந்தக் காலத்து வயரிங் சில பழைய வீடுகளில் இன்னும் இருக்கலாம். ஊழியர் வீடமைப்பு, வசதிகள் தொடர்பான 1990ஆம் ஆண்டுக் குறைந்தபட்சத் தரச் சட்டத்தின் (சட்டம் 446) கீழ், தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய மின்சாரம் கிடைக்கச் செய்வது தோட்ட நிர்வாகத்தின் கடமை. சுவிட்ச் கருகுவது, சுவரில் ஷாக் அடிப்பது போன்றவற்றைக் குடியிருப்பவரே சரிசெய்ய முயலாமல் எழுத்துபூர்வமாகப் புகார் செய்து நகலை வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டில்

தண்ணீர் சூடாக்கியை மாற்றுவது, கூரை விசிறி பொருத்துவது போன்றவற்றை 'தெரிந்த பையன்' ஒருவரைக் கொண்டு முடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. சுவிட்சை அடைத்தால் போதாது. போர்டில் உள்ள பிரேக்கரை அடைக்க வேண்டும். மின்கசிவைத் தடுக்கும் ஆர்.சி.டி. கருவி தண்ணீர் சூடாக்கிக்கு 10 மில்லிஆம்பியர், பிளக் சாக்கெட்டுகளுக்கு 30 மில்லிஆம்பியர் உணர்திறன் கொண்டதாக இருக்க வேண்டும். அதில் உள்ள 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் 'ட்ரிப்' ஆகவில்லை என்றால் அது வேலை செய்யவில்லை. அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று அதைக் கழற்றிவிட்டு நேராக இணைப்பது, உயிரைக் காக்கும் ஒரே தடுப்பை எடுத்துவிடுவதாகும்.

மறுக்கும் உரிமை

ஏழைத் தொழிலாளி எப்படி 'முடியாது' என்று சொல்வது? வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது. அதற்கும் சட்டத்தில் வழி உண்டு. திருத்தப்பட்ட சட்டம் 514, உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் தெரிவித்தும் அவர் அந்த ஆபத்தை நீக்காவிட்டால், ஊழியர் அந்த இடத்தை விட்டு விலகலாம் என்கிறது. அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் பாதுகாப்பு அளிக்கிறது.

ஆகவே முதலில் தெரிவிக்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்வதோடு வாட்ஸ்அப் செய்தியாகவும் அனுப்பி வைப்பது நல்லது. "இந்த போர்டில் மின்சாரம் உள்ளது, பெர்மிட் இல்லை, கையுறை இல்லை, அடைத்துவிட்டுச் செய்கிறேன்" என்ற ஒரு வரி போதும். வேலை செய்ய மறுப்பதாக அல்லாமல், பாதுகாப்பாகச் செய்ய முன்வருவதாக அது அமையும்.

வேலையில் விபத்து நேர்ந்தால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவச் செலவு, தற்காலிக இயலாமைப் பணம், நிரந்தர இயலாமைப் பணம், இறந்தவரின் குடும்பத்துக்கான சார்ந்தோர் பணம் ஆகியவை அதில் உண்டு. சம்பளத் தாளில் சொக்சோ பிடித்தம் இருக்கிறதா என்று ஒவ்வொரு மாதமும் பார்க்க வேண்டும். சொந்தமாக வயரிங் வேலை செய்பவர்கள் 2017ஆம் ஆண்டுச் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தாங்களே சந்தா செலுத்தலாம்.

விபத்து நேர்ந்தால்

ஷாக் அடித்தவரை உடனே தொடக் கூடாது. முதலில் மின்சாரத்தை அடைக்க வேண்டும். வீட்டு மின்சாரமாக இருந்து அடைக்க முடியாவிட்டால், காய்ந்த பலகை மீது நின்று காய்ந்த மரக்கட்டையால் கம்பியை விலக்கலாம். உயரழுத்தக் கம்பியாக இருந்தால் இது கூடாது. குறைந்தது 10 மீட்டர் தள்ளி நின்று மற்றவர்களையும் தடுக்க வேண்டும். அறுந்து விழுந்த கம்பிக்கு அருகில் ஏற்கெனவே நிற்பவர், இரு பாதங்களையும் ஒட்டி வைத்தபடி தரையிலிருந்து எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து விலக வேண்டும்.

மின்சாரம் நின்ற பிறகு, மூச்சு இல்லையென்றால் 999க்கு அழைத்துவிட்டு சி.பி.ஆர். தொடங்க வேண்டும். நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். நன்றாகத் தெரிபவரும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெளியே சிறிய புண்ணாக இருந்தாலும் உள்ளே தசையும் இதயமும் பாதிக்கப்பட்டிருக்கலாம். மின்கம்பி அறுந்தாலோ மின்தடை ஏற்பட்டாலோ தெனாகா நேஷனலின் 15454 எண்ணை அழைக்கலாம்.

மின்சாரத் துறையில் வேலைக்குப் போகும் பிள்ளையிடம் பெற்றோர் சம்பளத்தோடு மூன்று கேள்விகளையும் கேட்கலாம். உன் பெயரில் சான்றிதழ் இருக்கிறதா? உனக்கென்று ஒரு பூட்டும் கையுறையும் கொடுத்திருக்கிறார்களா? பெர்மிட்டில் யார் கையெழுத்துப் போடுகிறார்? மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால் அந்த வேலையிடத்தைப் பற்றி விசாரித்துப் பார்ப்பது நல்லது.